மறைமலை நகரிலிருந்து தாம்பரம் வரை ஒரு சங்கிலி

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சிட்லபாக்கத்தில் எங்கள் தெருமுனையில் ஷேர் ஆட்டோ ஏறினேன். தாம்பரம் கிழக்குக்கு இருபது ரூபாய். அங்கிருந்து மின்சார ரயிலில் மறைமலை நகர், பிறகு ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை வழியாகத் திரும்பவும் தாம்பரம். போக வரச் சேர்த்தாலும் ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டாத பயணம். காசி வரைக்கும் தனியாகப் போய் வந்தவள் நான். அப்போதுகூட இந்த அளவு கலக்கத்தோடு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியதில்லை.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகன் கார்த்திக்குக்கும் மறைமலை நகர் திவ்யாவுக்கும் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் நடந்தது. இருவரும் பெருங்களத்தூரில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்கள், அவர்களாகவே முடிவு செய்துகொண்டவர்கள். நாங்கள் நகை, சீர் என்று எதையும் கேட்கவில்லை. இருந்தும் திவ்யாவின் அம்மா விஜயா, மகள் கழுத்தில் மூன்று சவரன் சங்கிலி ஒன்றைப் போட்டு அழைத்து வந்திருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் என் கணவரின் அக்கா சரோஜா அண்ணி அந்தச் சங்கிலியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “கலர் ரொம்ப வெளுப்பா இருக்கே, மாத்து குறைஞ்ச தங்கமோ?” என்று கேட்டிருக்கிறார். நான் அப்போது வாசலில் வந்தவர்களை வழியனுப்பிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியவந்தது இரண்டு நாள் கழித்து, கார்த்திக்கின் முகத்தைப் பார்த்துத்தான்.

“உங்க வீட்ல என்னைப் பாத்தாங்களா, செயினப் பாத்தாங்களா?” என்று திவ்யா அவனிடம் கேட்டிருக்கிறாள். அதன்பிறகு அவன் கூப்பிட்டால் அவள் போனை எடுக்கவில்லை. நிச்சயதார்த்த மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று தன் அம்மாவிடம் கேட்டதாகவும் காதில் விழுந்தது. நான் விஜயாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்று வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தபோது அவரே கூப்பிட்டார்.

“அக்கா, உங்க கண் முன்னாலயே டெஸ்ட் பண்ணிடலாம்.”

“அதெல்லாம் வேணாங்க. எனக்கு எந்தச் சந்தேகமும் இல்ல.”

“உங்களுக்கு வேணாம். எனக்கு வேணும்,” என்றார்.

மேற்குத் தாம்பரத்தில் தங்கத்தைப் பரிசோதிக்கும் மையம் ஒன்று இருப்பதாக அவரே விசாரித்து வைத்திருந்தார். நேராக அங்கே சந்திப்பதுதான் சுலபம். ஆனால் வார்த்தை எங்கள் பக்கத்திலிருந்து போனது. அவர் வீட்டு வாசலுக்குப் போய், அங்கிருந்து அவரை அழைத்துக்கொண்டு போவதுதான் முறை என்று எனக்குப் பட்டது. அதனால்தான் இந்தச் சுற்று.

தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி வந்து நின்றபோது பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் கிடைத்தது. பெருங்களத்தூரில் கல்லூரிப் பெண்கள் கூட்டமாக ஏறினார்கள். வண்டலூரைத் தாண்டியதும் கொஞ்சம் பச்சை, ஊரப்பாக்கத்திலிருந்து மறுபடி அடுக்குமாடிகள். கூடுவாஞ்சேரியில் ஏறிய ஒரு பெண் கொய்யாப்பழக் கூடையை என் காலடியில் வைத்துவிட்டு, “பேஜாரா கீதா, தள்ளி வெச்சிக்கட்டுமா?” என்று கேட்டார். இடைஞ்சல் ஒன்றுமில்லை என்றேன். பழத்தின் வாசனை நன்றாகவே இருந்தது. பொத்தேரியில் கல்லூரிக் கூட்டம் மொத்தமாக இறங்கிப் பெட்டி காலியானது. மறைமலை நகரில் இறங்கியபோது மணி பத்தேகால்.

சாலையைக் கடந்து உள்ளே நடந்தால் அகலமான தெருக்கள், வேப்ப மரங்கள், இடையிடையே சங்கு ஊதும் தொழிற்சாலைகள். சிட்லபாக்கத்தில் காலை பத்து மணிக்குத் தெருவில் ஓய்வுபெற்றவர்கள்தான் நடப்பார்கள். இங்கே இரவு ஷிஃப்ட் முடித்த இளைஞர்கள் நீலச் சட்டையோடு டீக்கடையில் நின்றார்கள். விஜயாவும் இங்கே ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில்தான் வேலை பார்க்கிறார். தரப் பரிசோதனைப் பிரிவில் இருபது வருட அனுபவம். அவர் கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். அன்றைக்கு அவருக்கு டியூட்டி.

விஜயா கிளம்பித் தயாராக நின்றார். ஆனாலும் என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். திவ்யா வீட்டில் இல்லை, மாதக் கடைசி என்பதால் சனிக்கிழமையும் அலுவலகம். நான் பேச வேண்டியதைப் பேசிவிட்டேன்.

“அண்ணி அப்படிக் கேட்டது தப்பு. எங்க வீட்ல யாரும் அப்படி நினைக்கல. நான் பக்கத்துல இருந்திருந்தா அங்கயே நிறுத்தியிருப்பேன்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: “அவங்க கேட்டதுகூட எனக்குப் பெரிசில்லக்கா. அன்னிக்கு ராத்திரி கவர்மென்ட் ஆப்ல நம்பரப் போட்டுப் பாத்தேன். அப்படி ஒரு நம்பரே இல்லன்னு வருது. நாலு தடவை போட்டேன். வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லல. திவ்யாவுக்கும் தெரியாது.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் நாத்தனாரின் வாய்த்துடுக்கைச் சரிசெய்ய வந்தவளுக்கு, சங்கிலியே போலியாக இருக்கலாம் என்ற செய்தி வந்து சேர்ந்தது. இப்போது விற்கிற ஹால்மார்க் நகை ஒவ்வொன்றிலும் மூன்று அடையாளங்கள் இருக்க வேண்டும். முக்கோண வடிவ அரசு முத்திரை, 22 காரட்டுக்கான 916 என்ற எண், அந்த நகைக்கு மட்டுமே உரிய, எண்ணும் கலந்த ஆறு எழுத்துக் குறியீடு. அந்தக் குறியீட்டை அரசு செயலியில் தட்டினால் என்ன வகை நகை, என்ன மாற்று, எந்த மையத்தில் முத்திரை போட்டார்கள் என்பதெல்லாம் வரும். ஒன்றுமே வரவில்லை என்றால், முத்திரையைப் பற்றி யோசிக்க வேண்டியதுதான்.

“கடையில கேட்டீங்களா?”

“பயமா இருந்துது. இல்லன்னு சொல்லிட்டா அப்புறம் என்ன பண்றது? ஃபேக்டரில ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் பீஸத் தூக்கித் தனியாப் போடுறவ நான். என் பொண்ணு கழுத்துல போடுறத லென்ஸ் வெச்சு ஒரு தடவை பாக்கலயே.”

சங்கிலியை ஒரு சின்ன டப்பாவில் வைத்து, டப்பாவைக் கைப்பைக்குள் வைத்து, பையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். பதினொரு மணி வாக்கில் ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் பஸ் பிடித்தோம். இரண்டு இருக்கை சேர்ந்தாற்போல் கிடைத்தது. வழியெல்லாம் பேச்சு அதிகமில்லை. கூடுவாஞ்சேரி வரை பஸ் பறந்தது, வண்டலூரில் தவழ்ந்தது, பெருங்களத்தூருக்கு முன்னால் நின்றே விட்டது. தெற்கே போகிற பஸ்களுக்காக மூட்டை முடிச்சுகளோடு சாலையோரம் ஜனம் நின்றது. எங்கள் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பக்கத்து லாரிக்காரரிடம், “இன்னாபா, முன்னாடி இன்னா ஆச்சு?” என்று கேட்டார். “ஒண்ணியும் இல்ல. முகூர்த்த நாளு, அல்லாரும் ஊருக்குப் போய்கினு கீறாங்க,” என்று பதில் வந்தது.

முகூர்த்தம் என்ற சொல்லைக் கேட்டு நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். அங்கிருந்து பார்த்தால் திவ்யாவும் கார்த்திக்கும் வேலை பார்க்கும் கட்டிடம் தெரிகிறது. விஜயா அதைப் பார்த்தபடியே, “அவளுக்குக் கோவம் வந்தா சீக்கிரம் போகாது. ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்கமாட்டா,” என்றார். மகளுக்காகப் பரிந்து பேசுகிறாரா, என்னைத் தேற்றுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டரைக்கு மையத்தைக் கண்டுபிடித்தோம். மேற்குத் தாம்பரத்தில் கடைத்தெருவை ஒட்டிய சந்து, மொபைல் ரிப்பேர் கடைக்கு மேலே முதல் மாடி. இரும்புக் கிராதிக் கதவு, மணி அடித்தால் திறக்கிறார்கள். உள்ளே நகைக்கடை வாசமே இல்லை. ரத்தப் பரிசோதனை நிலையம் மாதிரி வெள்ளை வெளிச்சம், நாலு நாற்காலி. கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். சங்கிலியை எடை போட்டு ரசீது கொடுத்துவிட்டு, “எதுக்காகப் பாக்கறீங்க? விக்கவா, சந்தேகமா?” என்று கேட்டார்.

“சந்தேகம்,” என்றார் விஜயா.

மைக்ரோவேவ் அடுப்பு அளவில் இருந்த ஒரு இயந்திரத்துக்குள் சங்கிலியை வைத்தார் அந்தப் பெண். உள்ளே இருக்கும் கேமரா, நகையை மேலே திரையில் பெரிதாகக் காட்டியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எண்கள் வந்துவிட்டன. தங்கம் 87 சொச்சம்.

நூற்றுக்கு 91.6 இருக்க வேண்டும் என்பது எனக்கே தெரியும். விஜயா நாற்காலியின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்கு உடனே தோன்றியது திவ்யாவைப் பற்றியோ கார்த்திக்கைப் பற்றியோ இல்லை. இந்தம்மா இனி எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் தலைநிமிர்ந்து வரமாட்டாரே என்றுதான் நினைத்தேன். அவர் தோளில் கை வைத்தேன். அவர் விலக்கவில்லை.

கவுன்டர் பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“இருங்க மேடம், பயப்படாதீங்க. கொக்கிப் பக்கம் வெச்சுட்டேன். இது பத்தவெச்ச இடம். பொடி வெச்சு ஊதியிருக்கற எடத்துல கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும். கண்ணியிலதான் பாக்கணும்.”

சங்கிலியை நகர்த்தி, நடுவில் ஒரு கண்ணியைக் கேமராவுக்கு நேரே வைத்தார். 91.7. வேறொரு கண்ணி. 91.8.

“மேல மட்டும் தங்கக் கோட்டிங் போட்டிருந்தா?” என்று விஜயா கேட்டார். தொழிற்சாலையில் முலாம் பூசிய பாகங்களைத் தினமும் பார்க்கிறவர் என்பதால் அந்தக் கேள்வி அவருக்கு வந்தது.

“கரெக்ட். மெஷின் மேல்பக்கத்தத்தான் படிக்கும். நீங்க சம்மதிச்சா வெளிய தெரியாத எடத்துல லேசா அரத்தால தேச்சுட்டு மறுபடி பாக்கறேன்.”

“தேயுங்க.”

கொக்கிக்கு அருகில் உள்ள கண்ணியின் உட்புறம் தேய்த்தார். கண்ணுக்குத் தெரியாத தேய்ப்பு. தேய்த்த இடத்திலும் 91.7 வந்தது. விஜயா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அப்ப ஏன் வெளுப்பா இருக்கு?” என்று நான் கேட்டேன். சரோஜா அண்ணியின் கேள்வியை நானே கேட்கும்படி ஆனதில் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் பதிலோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

அவர் திரையில் கீழ்வரியைக் காட்டினார். “மீதி எட்டு சொச்சத்துல என்ன கலந்திருக்கு பாருங்க. வெள்ளி அதிகம், செம்பு கம்மி. செம்பு கூடுனா செவப்பா இருக்கும், வெள்ளி கூடுனா வெளுப்பா இருக்கும். ரெண்டுலயும் தங்கம் அதே அளவுதான். கலரப் பாத்து மாத்து சொல்ல முடியாது மேடம்.”

நம்பர் விஷயத்தை விஜயா தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தப் பெண் கொக்கியின் பட்டையான முனையை உருப்பெருக்கியில் வைத்து எங்களையும் பார்க்கச் சொன்னார். வெறும் கண்ணில் கீறல் மாதிரி தெரிந்த எழுத்துகள் அரிசி அளவுக்குத் தெளிவாக நின்றன. விஜயா தன் போனில் தட்டியிருந்த குறியீட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். நான்காவது இடத்தில் அவர் ஆங்கில B என்று படித்திருந்தது எட்டு. 8 என்று மாற்றித் தட்டியதும் செயலி திறந்துகொண்டது. நகை வகை சங்கிலி, மாற்று 22 காரட், முத்திரையிட்ட மையம், விற்ற கடையின் பதிவு எல்லாம் இருந்தன.

விஜயா கண்ணாடியைக் கழற்றித் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே சிரித்தார். “பவர மாத்தணும்னு ஆறு மாசமா வீட்டுக்காரர் சொல்லிட்டிருக்கார்,” என்றார். அன்று அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் சிரிப்பு வந்தது. கவுன்டர் பெண்ணும் சேர்ந்துகொண்டார். பரிசோதனைத் தாளை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது என் முழங்கால் வலிக்கிறது என்பதே நினைவில்லை.

இரண்டு மணிக்குப் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. கத்தரிக்காய்க் காரக்குழம்பு, கீரை, தயிர். பசி அவ்வளவு இருந்திருக்கிறது, இருவரும் இரண்டாம் முறை சாதம் வாங்கினோம். கை கழுவிவிட்டு வந்து சரோஜா அண்ணிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன், வெள்ளி, செம்புக் கணக்கு உட்பட.

அண்ணி சொன்னார்: “என் கல்யாணத்துக்கு அப்பா போட்ட வளையல அடகு வைக்கப் போனேன். கடைக்காரன் உரசிப் பாத்துட்டு, இது வேணாம்மான்னு திருப்பிக் குடுத்தான். அப்பாவ யாரோ ஏமாத்தியிருக்காங்க. அவர்கிட்ட நான் கடைசி வரைக்கும் சொல்லல. அதுலேர்ந்து வெளுத்த நகை எதப் பாத்தாலும் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வரும். கேட்டிருக்கக் கூடாதுதான். அந்தம்மாகிட்ட போனக் குடு.”

கொடுத்தேன். அண்ணி என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. விஜயா, “ம்”, “சரிங்க” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், “எனக்கும் இந்த ஆறு நாள் அப்படித்தான் இருந்துச்சுங்க. ஒருநாள் அந்த வளையல எடுத்துட்டு வாங்க, நான் கூட வர்றேன். எவ்வளவு தங்கம் இருக்குன்னாவது தெரிஞ்சுக்கலாம்,” என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

மனம் இலேசானதும் விஜயாவே கேட்டார், “தாலிச் செயின் நீங்கதான வாங்கணும்? இன்னிக்கே பாத்துடலாமே.” அது எங்கள் பக்கத்துச் செலவு. கல்யாணம் நடக்குமா என்றே தெரியாததால் நான் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தேன்.

முதலில் ஏறிய கடையில் உட்கார்ந்ததும் மோர் வந்தது. எனக்குப் பிடித்த மாதிரியே ஒரு முறுக்குச் செயினை எடுத்துப் போட்டார் விற்பனையாளர். சேதாரம் மற்ற கடைகளில் பாதி என்றார். விஜயா கொக்கியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். 916 என்று மட்டும் அடித்திருந்தது.

“முத்திரையும் ஆறெழுத்து நம்பரும் எங்க?”

“இது எங்க சொந்தத் தயாரிப்பு மேடம். கேடிஎம். முப்பது வருஷமா இதே கடை. கடை பேருதான் கேரண்டி.”

“கேடிஎம்ங்கறது பத்தவைக்கற முறைதானே. மாத்துக்கு அது எப்படி கேரண்டி ஆகும்?” என்று நான் கேட்டேன். அவர் வேறு தட்டை எடுக்கப் போனார். நாங்கள் மோரைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டோம்.

இரண்டு கடை தள்ளி இன்னொன்றில், கேட்பதற்கு முன்பே லென்ஸைக் கையில் கொடுத்தார்கள். இம்முறை விஜயா எழுத்துகளைப் படிக்க, நான் தட்டினேன். பிறகு நான் படிக்க, அவர் சரிபார்த்தார். வகை, மாற்று எல்லாம் பொருந்தின. கூடவே எடுத்த சின்னத் தாலிக்கு மட்டும் முத்திரை இல்லை. இரண்டு கிராமுக்குக் குறைவான நகைக்கு அது கட்டாயமில்லை என்றார் கடைக்காரர். “அப்ப உங்க மெஷின்ல வெச்சுக் காட்டுங்க. பத்தவெச்ச இடத்துல வேணாம், நடுவுல,” என்றார் விஜயா. கடைக்காரர் அவரை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு அப்படியே செய்தார். பில்லில் எடை, மாற்று, செய்கூலி, முத்திரைக் கட்டணம் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டோம்.

ஐந்தரை மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையம். நகைக்கடையிலிருந்து கிளம்பும்போதே விஜயா மகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அலுவலகம் முடிந்து பெருங்களத்தூரிலேயே வண்டி ஏறி வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய திவ்யா, எதிர்த்திசையில் ஒரு ஸ்டேஷன் வந்து, செங்கல்பட்டு வண்டி நிற்கும் நடைமேடையில் காத்திருந்தாள். முகம் களைத்திருந்தது. அம்மாவிடம் விவரத்தைக் கேட்டுக்கொண்டாள். தாளை வாங்கிப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“ஆன்ட்டி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. டெஸ்ட்ல குறைஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

விஜயா அவள் கையைப் பிடித்து இழுத்தார். நான் பதிலை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த 87-ஐப் பார்த்த நிமிடத்திலேயே மனதுக்குள் எங்கே போவது என்று முடிவாகியிருந்தது.

“உங்கம்மாவக் கூட்டிட்டு நேரா அந்தக் கடைக்குப் போய்ச் சண்ட போட்டிருப்பேன். கார்த்திக்கையும் லீவு போட வெச்சிருப்பேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் வந்து தாலிச் செயின் வாங்கியிருப்பேன். இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு.”

அவள் அம்மாவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு, “அவன் போன எடுக்கறேன்னு சொல்லுங்க,” என்றாள். வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் இடம் பிடிக்க அம்மாவை முன்னால் தள்ளிவிட்டுத் தானும் ஏறினாள். கூட்டத்துக்கு நடுவிலிருந்து விஜயாவின் கை மட்டும் வெளியே தெரிந்து அசைந்தது.

தாம்பரத்தில் தெற்கே போகிற வண்டிக்கு ஆட்களை ஏற்றிவிட்டு நிற்பது எங்கள் பக்கத்து மனிதர்களுக்குப் புதிதில்லை. தீபாவளி, பொங்கல் என்று வருஷம் முழுக்க யாரையாவது அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். அப்போதெல்லாம் வண்டி நகர்ந்ததும் வீட்டு வேலை நினைவுக்கு வந்து திரும்பி நடந்துவிடுவேன். அன்றைக்குக் கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு கண்ணிலிருந்து மறையும்வரை நின்றேன். நாள் முழுவதும் நான் அலைந்த தூரம் வெறும் ஏழு ஸ்டேஷன்தான். மறைமலை நகரை இத்தனை வருஷம் கார் தொழிற்சாலை இருக்கும் ஊர் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். இனி அந்தப் பெயரைச் சொன்னால், அங்கே என் சம்பந்தி வீடு இருக்கிறது என்று சொல்வேன்.